அழைப்பு

'அழை' என்னும் வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் அழைப்பு. குரல் கொடுத்துக் கூப்பிடுவது அதன் அடிப்படைப் பொருள்; விசேஷத்துக்கு வரச் சொல்வது அதிலிருந்து விரிந்தது. இதற்கு ஈடான ஜப்பானியச் சொல் 'ஷோதாய்'. அதன் முதல் எழுத்து கையசைத்துக் கூப்பிடுவதைக் குறிக்கும். கடைகளில் ஒரு கையைத் தூக்கி அமர்ந்திருக்கும் 'மனேகி நெகோ' பூனைப் பொம்மையின் பெயரிலும் அதே எழுத்து உண்டு. ஷோதாய் முறையான விருந்தழைப்பு. செலவு பெரும்பாலும் அழைத்தவருடையது. 'டீ குடிக்கப் போகலாமா' என்று நண்பர் கேட்பது 'சசோய்' எனப்படும்.

தமிழில் அழைப்பின் தரத்தை வினைச்சொல் காட்டிவிடும். புள்ளலூர் போன்ற காஞ்சிபுரம் வட்டாரச் சிற்றூர்களில் கல்யாணப் பத்திரிகையை அஞ்சலில் 'அனுப்பலாம்', வழியில் பார்த்துக் 'கொடுக்கலாம்'. நெருங்கிய உறவுக்கு 'வைக்க' வேண்டும். நான்கு முனையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையைத் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமத்தோடு வைத்து வீடு தேடிப்போய் நீட்டுவதே பத்திரிகை வைத்தல். வீட்டுக்காரர்கள் தம்பதியாக நின்று வாங்கிக்கொள்வார்கள். "குடும்பத்தோட முன்னாடியே வந்துடணும்" என்று வாயால் சொன்னால்தான் அழைப்பு நிறைவேறும். முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. தாய்மாமன் வீட்டுக்கு முறையாக வைக்காமல் விட்ட பத்திரிகை தலைமுறைப் பகையாகிவிடும். இதை வெறும் சடங்கென்று ஒதுக்க முடியாது.

பெண்ணழைப்பு, மாப்பிள்ளை அழைப்பு ஆகியவற்றில் இச்சொல் எதிர்கொண்டு கூட்டிவருவதையே குறிக்கிறது. சாவுக்கு அழைப்பு கிடையாது. 'சேதி சொல்லி அனுப்புவது' மட்டுமே. கருமாதிக்குப் பத்திரிகை அச்சடித்தாலும் அதில் மஞ்சள் வைப்பதில்லை.

ஜப்பானியத் திருமண அழைப்பிதழிலும் இத்தகைய விலக்கு உண்டு. முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் முடிவையும் பிரிவையும் நினைவூட்டும் என்பதால் மரபான வாசகத்தில் அவற்றை இடுவதில்லை. அழைப்பிதழோடு பதில் அட்டையும் வரும். வருகையைத் தெரிவிக்கும் விருந்தினர், தம்மைக் குறித்து அச்சிட்டிருக்கும் மரியாதை எழுத்தைக் கோடிட்டு அடித்துத் திருப்பி அனுப்புவார். தமிழ்ப் பத்திரிகைக்குப் பதில் அட்டை இல்லை. பந்தியில் எத்தனை இலை போட வேண்டும் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

நேரில் போக முடியாத இடங்களுக்காக, இந்த அழைப்பையே நேரில் அழைத்ததாக ஏற்கும்படி வேண்டும் வரியைப் பத்திரிகையில் சேர்ப்பதுண்டு. வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்புகிறவர்களும் இன்று அதையே எழுதுகிறார்கள்.