அஞ்சவைக்கும் ஒட்டுப் படங்கள்

சென்ற தீபாவளிக்கு மறுநாள் மதுரையிலிருந்து என் தமக்கை மகன் தொலைபேசியில் அழைத்தான். வாழ்த்துச் சொல்லப் போகிறான் என்று எண்ணினேன். அவனோ, "மாமா, சென்டினல் தீவு உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டான். மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் இருக்கும் என்றேன். "அவ்வளவு பக்கத்திலா? அங்கே மனிதரைத் தின்கிறார்களாமே! படத்தில் பார்த்தேன்" என்றான்.

அந்தப் படத்தை எனக்கும் அனுப்பிவைத்தான். முக்கால் மணி நேரம் ஓடிய 'ஆவணப் படம்' அது. மொழிபெயர்ப்பாளன் ஆகையால் முதலில் என் காதுக்கு எட்டியது விளக்க உரைதான். "இரத்த வெறி", "மரணத் தீவு" என்ற சொற்கள் நிமிடத்திற்கு ஒரு முறை வந்தன. பின்னர்க் காட்சிகளைக் கவனித்தேன். கரையில் நின்று ஒருவர் அம்பு தொடுக்கும் ஒரே காட்சி நான்கு இடங்களில் வந்தது. இடையிடையே அகன்ற ஆற்றங்கரை ஒன்றில் உடலில் வண்ணம் பூசிய மக்கள் கூட்டமாக ஓடினர். அந்தமானில் அத்தகைய பேராறு ஏது? சற்று யோசித்ததும் விளங்கிற்று. அவை பழைய இத்தாலியத் திகில் கதைப் படம் ஒன்றின் துண்டுகள். தென் அமெரிக்கக் காட்டில் எடுக்கப்பட்டவை.

பழைய திகில் படங்களின் துண்டுகளைச் சேர்த்து ஒட்டிப் புதிய படம் செய்வது ஒரு தனித் தொழில். நடிகர் வேண்டாம், அரங்கு வேண்டாம். கத்தரியும் பசையும் போதும். இன்று கணிப்பொறி ஒன்றே போதும். அமெரிக்காவில் 1984-இல் வெளியான 'டெரர் இன் தி ஐல்ஸ்' இவ்வகையில் பெயர் பெற்றது. திரைப்பட முன்னோட்டங்களைத் தொகுப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த ஆண்ட்ரூ கூன் அதை இயக்கினார். டொனால்ட் பிளெசன்ஸும் நான்சி ஆலனும் திரையரங்கில் அமர்ந்து பேச, பல படங்களின் திகில் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இதில் ஏமாற்று ஏதுமில்லை. காண்பது கதைத் துண்டு என்பது காண்போர் அனைவருக்கும் தெரியும். அஞ்சுவதற்கென்றே காசு கொடுத்து உள்ளே வந்தவர்கள் அவர்கள்.

இத்தாலியர் செய்தது வேறு. 1970-களிலும் 1980-களிலும் நரமாமிசக் கதைப் படங்களை அவர்கள் வரிசையாக எடுத்துத் தள்ளினர். உம்பர்ட்டோ லென்சி 1980-இல் எடுத்த 'ஈட்டன் அலைவ்' என்ற படத்திற்குச் செலவு போதவில்லை போலும். முந்திய நரமாமிசப் படங்களின் காட்சிகளையே வெட்டி இதில் ஒட்டினார். ஒரு நாட்டுக் காடும் மக்களும் இன்னொரு நாட்டுக் கதைக்குள் இவ்வாறு புகுந்தனர். அதே ஆண்டில் ருக்கெரோ தெயோதாத்தோ 'கானிபல் ஹோலோகாஸ்ட்' எடுத்தார். காணாமற்போன படப்பிடிப்புக் குழுவின் படச்சுருள்கள் கிடைத்தன என்பது கதை. அதற்குள் மெய்யான மரணதண்டனைச் செய்திப் படத் துண்டுகளையும் அவர் சேர்த்திருந்தார். விளைவு என்ன? நடிகர்களை உண்மையாகவே கொன்றுவிட்டார் என்று ஐயுற்று இத்தாலிய அதிகாரிகள் அவரையே கைது செய்தனர். நடிகர்கள் உயிரோடிருப்பதை அவர் மெய்ப்பித்துக் காட்ட வேண்டியதாயிற்று! அந்த நடிகர்களுக்கு வந்து நிற்க ஓர் இடம் இருந்தது. அப்படத்தில் அரக்கராகக் காட்டப்பட்ட காட்டு மக்களின் பெயரைக் காப்பதற்கு எந்த மன்றமும் கூடவில்லை.

வெட்டி ஒட்டும் கலையைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. 1927-இல் ருஷ்யாவில் எஸ்தர் ஷுப் என்ற பெண்மணி பழைய செய்திப் படங்களைத் தேடித் தொகுத்து ரோமனோவ் அரச மரபின் வீழ்ச்சியைப் படமாக்கினார். நம்மவருள் கோட்டையூர் ஏ. கே. செட்டியார் உலகெங்கும் அலைந்து, காந்தியடிகளைப் பலரும் எடுத்திருந்த படத்துண்டுகளில் 50,000 அடி சேகரித்தார். அவற்றை 12,000 அடியாகச் சுருக்கி 1940-இல் வெளியிட்டார். ஒவ்வொரு துண்டும் எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்பதை அறிந்து ஒட்டியவர் அவர். என் தமக்கை மகன் பார்த்த படத்தில் எந்தத் துண்டுக்கும் ஊருமில்லை, ஆண்டுமில்லை.

அந்தமானைப் பற்றிய அச்சம் திரைப்படத்தைவிட மிகப் பழையது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, இங்குள்ளோர் நாய்த்தலையர் என்றும் அயலாரைப் பிடித்துத் தின்பவர் என்றும் கூறிவைத்தார். 1890-இல் ஆர்தர் கானன் டாயில் 'தி சைன் ஆஃப் ஃபோர்' என்ற துப்பறியும் நாவலில் டோங்கா என்னும் அந்தமானியனைக் கொலையாளியாக்கி, ஊதுகுழலில் நச்சு முள்ளை வைத்து எய்ய விட்டார். அந்தமான் பழங்குடியினரின் படைக்கலம் வில். ஊதுகுழல் அவர்களிடம் கிடையாது. ஆயினும் 1923-இலும் 1932-இலும் அக்கதை இங்கிலாந்தில் படமாயிற்று. இத்தீவுகளில் நெடுநாள் பணியாற்றிய இ. எச். மேன் என்ற அதிகாரி, நரமாமிசக் கதை பொய் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். அவர் நூலைப் படித்தவர் எத்தனை பேர்?

சென்டினல் தீவின் மெய்யான வரலாற்றிலும் அச்சம் உண்டு. அது முதலில் யாருக்கு நேர்ந்தது என்று பார்க்க வேண்டும். 1880-இல் போர்ட்மன் என்ற ஆங்கில அதிகாரி அத்தீவில் இறங்கி, முதியோர் இருவரையும் சிறுவர் நால்வரையும் போர்ட் பிளேயருக்குப் பிடித்துவந்தார். அனைவரும் நோயுற்றனர். முதியோர் இருவரும் இறந்தனர். சிறுவர்களைப் பரிசுப் பொருள்களோடு கரையில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தப் பிள்ளைகள் தம் மக்களிடம் என்ன சொல்லியிருப்பார்கள்?

1974-இல் 'மேன் இன் சர்ச் ஆஃப் மேன்' என்ற ஆவணப் படத்திற்காக ஒரு குழு அங்கே சென்றது. தேங்காய்களோடு ஒரு பொம்மையையும் உயிருள்ள பன்றி ஒன்றையும் கரையில் வைத்தார்கள். அம்புகள் பறந்தன, ஓர் அம்பு குழுவினருள் ஒருவரின் தொடையில் தைத்தது. 2006-இல் இரண்டு மீனவர்களும் 2018-இல் ஓர் அமெரிக்க இளைஞரும் அங்கே உயிரிழந்ததும் மெய்யே. இவற்றை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. ஆனால் மறுபுறத்தை மறைப்பதுதான் இந்த ஒட்டுப் படங்களின் வழக்கம்.

பழங்குடியினரைக் காக்கும் 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் அத்தீவுக்குச் செல்வதைத் தடுக்கிறது. ஜாரவாப் பெண்களை ஆடவைத்து எடுத்த படம் ஒன்று 2012 சனவரியில் வெளியாகி நாட்டையே தலைகுனிய வைத்தபின் அச்சட்டம் மேலும் கடுமையாக்கப்பட்டது. புதிதாக எடுப்போரைச் சட்டம் தடுக்கலாம். முன்பே வெளியே போய்விட்ட துண்டுகளை யார் திரும்ப அழைப்பது? வீட்டிலிருந்தபடியே ஒருவர் அவற்றை ஒட்டி, முழங்கும் இசை சேர்த்து அனுப்பினால் தீபாவளி விடுமுறைக்குள் மதுரைக்கு வந்துவிடுகிறது.

தமக்கை மகனுக்கு அன்றிரவு மீண்டும் பேசினேன். 1991 சனவரி 4-ஆம் நாள் நிகழ்ந்ததைச் சொன்னேன். மானிடவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மதுமாலா சட்டோபாத்யாய் என்ற பெண்மணி அன்று குழுவினரோடு படகில் சென்றார். தேங்காய்களை நீரில் மிதக்கவிட, சென்டினல் மக்கள் கடலில் இறங்கி வந்து பொறுக்கிக்கொண்டனர். அப்போது ஓர் இளைஞன் அவரை நோக்கி வில்லை வளைத்தான். அருகிலிருந்த சென்டினல் பெண் ஒருத்தி அவனைத் தள்ளிவிட்டாள். அம்பு தண்ணீரில் விழுந்தது. அதன்பின் அவர்கள் படகருகே வந்து, கைக்குக் கையாகத் தேங்காய் வாங்கிக்கொண்டார்கள்.

சிறிது நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "அந்தப் பெண் ஏன் தள்ளினாள், மாமா?" என்று கேட்டான்.