பாட்டு வந்தது, வரி வரவில்லை

கரோக்கே குறுந்தகடு ஒன்றை வீட்டுக் கணிப்பொறியில் போட்டுப் பிரதி எடுக்க முயன்றவர்கள் ஒரு விசித்திரத்தைச் சந்தித்திருப்பார்கள். திரையில் பாடலுக்கு ஒன்றாகக் கோப்புகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றின் அளவும் 44 பைட்தான். மூன்று நிமிடப் பாட்டு 44 பைட்டில் அடங்குமா? அடங்காது. அவை பாடல்களே அல்ல. பாடல் தகட்டில் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் விலாசச் சீட்டுகள். விண்டோஸ் அவற்றைத் தானே தயாரித்துக் காட்டுகிறது. சரியென்று, இசையைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் ஒன்றைத் தேடிப்பிடித்து ஓட்டினால் பாட்டு வந்துவிடும். ஆனால் பார்த்துப் பாட வேண்டிய வரிகள் வருவதில்லை. அதே தகட்டைத் தொலைக்காட்சியுடன் இணைத்த கரோக்கே கருவியில் போட்டால் வரிகள் அழகாகத் தெரிகின்றன. அப்படியானால் அவை தகட்டில் எங்கேதான் இருக்கின்றன?

கரோக்கே என்ற ஜப்பானியச் சொல்லின் முற்பாதிக்கு ‘வெறுமை’ என்று பொருள். பிற்பாதி ‘ஆர்க்கெஸ்ட்ரா’ என்பதன் சுருக்கம். 1971-இல் கோபே நகரில் டைசுக்கே இனோவே என்ற இசைக் கலைஞர், காசு போட்டால் பக்கவாத்தியம் மட்டும் ஒலிக்கும் நாடாப் பெட்டிகள் பதினொன்றைச் செய்து மதுக்கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். காப்புரிமை பெற அவர் முயலவில்லை. பாட்டு வரிகள் அப்போது அச்சிட்ட தாளில் இருந்தன. 1980களில் முப்பது சென்டிமீட்டர் அகலமுள்ள லேசர் தட்டுகள் வந்தபின் வரிகள் படத்தோடு சேர்ந்து திரைக்கு ஏறின. அத்தட்டுகளும் கருவிகளும் விலை மிகுந்தவை. கடைக்காரருக்குக் கட்டுப்படியாகும், வீட்டுக்காரருக்குக் கட்டுப்படியாகாது.

இதற்கிடையில் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் 1980-இல் இசைக் குறுந்தகட்டுக்கான விதிகளை வகுத்தன. 1982 அக்டோபரில் ஜப்பானில் அது விற்பனைக்கு வந்தது. தகட்டில் இசை சிறு சிறு சட்டங்களாகப் பதிவாகிறது. ஒரு சட்டத்தில் 24 பைட் இசை. கீறல், தூசியால் வரும் பிழைகளைத் திருத்த 8 பைட். அவற்றோடு துணைக்குறி என்ற ஒரே ஒரு பைட். இந்த ஒற்றை பைட்டில்தான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது.

ஒரு பைட்டுக்கு எட்டு பிட். விதி வகுத்தவர்கள் அவற்றுக்கு ஆங்கில எழுத்துகளில் பி முதல் டபிள்யூ வரை பெயரிட்டனர். பி, பாடல் தொடங்கும் இடத்தைக் காட்டுகிறது. க்யூ, பாடல் எண்ணையும் ஓடிய நேரத்தையும் தெரிவிக்கிறது. மிச்சம் ஆறு பிட்டும் சும்மா கிடந்தன. சட்டத்துக்கு ஆறு பிட் என்பது அற்பமாகத் தோன்றும். ஆனால் 74 நிமிடத் தகடு முழுவதிலும் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 2.4 கோடி பைட் ஆகிறது! வீட்டுக் கணிப்பொறிகளின் நினைவகம் ஆயிரக்கணக்கான பைட்டுகளில் அளக்கப்பட்ட காலத்தில் இது சின்ன நிலம் அல்ல. அந்தப் புறம்போக்கில்தான் படங்களையும் வரிகளையும் குடியேற்றினார்கள். அவ்வாறு பிறந்ததே ‘சிடி+ஜி’ என்ற முறை. பழைய இசைக்கருவி அந்த ஆறு பிட்டைக் கவனிக்காமல் பாட்டை மட்டும் பாடும். புதிய கருவி பாட்டோடு படத்தையும் காட்டும். ஒரே தகடு இரண்டுக்கும் பொருந்தியது. இதைப் பெரிய சாமர்த்தியம் என்றே சொல்ல வேண்டும்.

படம் வரையும் விதமும் சிக்கனமானதே. திரையின் கண்ணுக்குத் தெரியும் பகுதி 48-க்கு 16 என்ற கணக்கில் 768 சிறு கட்டங்கள். வண்ணங்கள் ஒரு நேரத்தில் 16. தகட்டிலிருந்து வினாடிக்கு 300 கட்டளைப் பொட்டலங்கள் வருகின்றன. ஒரு பொட்டலம் ஒரு கட்டத்தை நிரப்பும். ஆகவே முழுத்திரையையும் வரைய இரண்டரை வினாடிக்கு மேல் பிடிக்கும். கரோக்கே திரையில் படம் துண்டு துண்டாக வந்து சேர்வதைப் பார்த்தவர்களுக்கு இப்போது காரணம் விளங்கும்.

இனி கணிப்பொறிக்கு வருவோம். சிடி டிரைவ் செய்தவர்கள் மனத்தில் வைத்திருந்தவை தரவும் இசையும் மட்டுமே. ஆறு பிட்டைப் படித்துக் கணிப்பொறிக்கு அனுப்பும் வசதி பல டிரைவ்களில் இல்லவே இல்லை. அத்தகைய டிரைவில் மென்பொருளை எத்தனை முறை மாற்றினாலும் வரி வராது. டிரைவைத்தான் மாற்ற வேண்டும். பலர் இதையறியாமல் தகட்டின் மேல் பழி போட்டிருக்கிறார்கள்.

வரிகள் வந்தும் இடையிடையே எழுத்து காணாமற்போய்க் கறை படிந்ததுபோல் தோன்றினால் காரணம் வேறு. முன்பு சொன்ன 8 பைட் பிழைதிருத்தம் இசையை மட்டுமே காக்கிறது. துணைக்குறி அந்தக் காப்புக்கு வெளியே நிற்கிறது. வரிப் பொட்டலங்களுக்குத் தனியாக ஒரு திருத்தம் உண்டு. ஆனால் அது மெலிந்தது. போதாக்குறைக்குப் பல டிரைவ்கள் அத்திருத்தத்தைச் செய்யாமலே கிடைத்ததை அப்படியே அனுப்பிவிடுகின்றன. மென்பொருள்தான் செய்துகொள்ள வேண்டும். இதனால் இசை மாசின்றி ஒலிக்கும் அதே இடத்தில் வரி சிதைகிறது. ஒரு பொட்டலம் கெட்டால் ஒரு கட்டம் கெடும்; திரையைத் துடைக்கும் அடுத்த கட்டளை வரும்வரை அந்தக் கறை போகாது. துடைக்கும் கட்டளையைத் தகடு செய்பவர்கள் பலமுறை திரும்பத் திரும்பப் பதிவதும் இந்த அச்சத்தினால்தான். தகட்டை மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து, குறைந்த வேகத்தில் இரண்டு முறை படித்து ஒப்பிட்டால் பெரும்பாலான கறைகள் அகலும். படிக்கும்போது தற்செயலாக நேரும் பிழை இரண்டு முறையும் அதே இடத்தில் விழுவது அரிது.

மூன்றாவது தொல்லைதான் மிகவும் எரிச்சலூட்டுவது. பாடல் தொடங்கும்போது சரியாக இருக்கும் வரிகள் போகப்போகப் பாடகரை முந்திக்கொண்டு ஓடும். பிரித்தெடுத்த வரிக்கோப்பில் கடிகாரம் கிடையாது. 300 பொட்டலம் எண்ணினால் ஒரு வினாடி, அவ்வளவுதான். படிக்க முடியாத பொட்டலங்களுக்குப் பதில் வெற்றுப் பொட்டலங்களை வைக்காமல் மென்பொருள் விட்டுவிட்டால், அதற்குப் பின்வரும் வரிகள் எல்லாம் அந்த அளவுக்கு முன்னே நகர்ந்துவிடும்.

புதிய கணிப்பொறிகள் பலவற்றில் இன்று சிடி டிரைவே இல்லை. பழைய தகடுகளைக் காப்பாற்ற நினைப்பவர் வெளியே இணைக்கும் டிரைவைத் தேட வேண்டியிருக்கிறது. அதுவும் ஆறு பிட்டைப் படிக்கக்கூடியதா என்று விசாரித்து வாங்க வேண்டும். பிரதி எடுத்து முடிந்ததும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பொட்டலத்துக்கு 24 பைட், வினாடிக்கு 300 பொட்டலம், ஆக வினாடிக்கு 7,200 பைட். மூன்று நிமிடப் பாட்டின் வரிக்கோப்பு 12,96,000 பைட் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் தகட்டை உறையில் போட்டுவிடாதீர்கள். இன்னொரு முறை ஓட்டுங்கள்.