தானியம் யார் காவலில்?

காவிரிக் கழிமுகத்தை எடுத்துக்கொள்வோம். வாய்க்காலும் மதகும் நெல்லும் சேர்ந்து கோயிலையும் பிராமணர் கொடையூரான பிரமதேயத்தையும் பேரரசையும் எழுப்பிய வரலாறு அது. அதே காவிரி தமிழகத்துக்குள் நுழையும் இடம் தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல். ஆனால் ஆறு இங்கே பாறைகளுக்கு இடையே பள்ளத்தில் ஓடுகிறது. காடுகழனிகள் மேட்டில் கிடக்கின்றன. 1934-ல் எழுந்த மேட்டூர் அணையும் கீழ்த்திசை நிலங்களுக்கே நீர் தந்தது. ஆண்டுக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும் மழை, அதுவும் சொன்ன பருவத்தில் வராத மழை, அதை நம்பிய ராகி, சாமை, கொள்ளு: இதுதான் இம்மண்ணின் வேளாண்மை. நெல் வளர்த்த சமூகத்தை நீர்ப் பங்கீடு வடிவமைத்தது என்றால், இந்த மேட்டு நிலத்துச் சமூகத்தை வடிவமைத்தது எது? மழை பொய்க்கும் ஆண்டுக்கென எடுத்துவைத்த உணவு யார் காவலில் இருந்தது என்பதே இங்கு அதிகாரத்தையும் உயிர்ச்சேதத்தையும் தீர்மானித்தது என்பது என் துணிபு.

முதலில் அந்தச் சேமிப்பு நான்கு கால்களில் நடந்தது. மழை தப்பிய ஆண்டில் பயிர் நின்ற இடத்திலேயே கருகும். மாட்டையோ புல் இருக்கும் மலைச்சரிவுக்கு ஓட்டிச் செல்லலாம். ஆகவே ஆநிரையே இங்கு செல்வம். எதிரி கவர்ந்துபோவதும் அதையே. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரங்களில் நிற்கும் நடுகற்கள் இதற்குச் சான்று. சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் ஆகிய பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டுகளைச் சொல்லும் கற்களில் பல, தொறு எனும் ஆநிரையைக் கவர்ந்தபோதோ மீட்டபோதோ இறந்த வீரனுக்காக நடப்பட்டவை. நெல்வளம் மிக்க கழிமுகத்தில் கல்வெட்டுகள் நிலக்கொடையையும் நீர்ப்பங்கையும் பேசுகின்றன. இங்கோ மாட்டுக்காக மாண்டவனைப் பேசுகின்றன. ஒரு சமூகம் எதைக் காக்க உயிர் கொடுத்தவனைத் தெய்வமாக்குகிறதோ, அதுவே அதன் வாழ்வாதாரம் என்று கொள்வதில் பிழையில்லை.

மண்ணும் மழையும் மட்டுமா சமூகத்தைத் தீர்மானித்தன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்றைய தருமபுரியான தகடூரை ஆண்ட அதியமான்கள் வெறும் ஆநிரைத் தலைவர்கள் அல்லர். அசோகனின் பாறைச் சாசனம் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் வரிசையில் சத்தியபுத்திரரையும் வைக்கிறது. திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கிடைத்த தமிழிக் கல்வெட்டு அதியன் நெடுமான் அஞ்சியைச் சதியபுதோ என்றே குறிக்கிறது. அதியமானின் முன்னோர் கரும்பைக் கொண்டுவந்ததாகப் புறநானூறு சொல்கிறது. 9ஆம் நூற்றாண்டில் நுளம்பர் ஆட்சியில் இங்கு கோயில்களும் எழுந்தன. ஆனால் கரும்பும் நெல்லும் ஏரியும் ஓடையும் கைகொடுத்த இடங்களில்தான் விளைந்தன. பரந்த புன்செய் தன் வழியிலேயே இருந்தது. நிலம் யாரையும் இன்னபடி வாழ் என்று கட்டளையிடுவதில்லை. எந்தச் சேமிப்பு சாத்தியம் என்பதற்கு அது வரம்பு கட்டுகிறது. அந்த வரம்புக்குள் யார் காவலர் ஆவது என்பதை மனிதர்கள் போராடித் தீர்த்துக்கொண்டார்கள்.

உழவர் குடும்பங்களுக்கு அந்தக் காவலைத் தந்தது ராகி. சின்னஞ்சிறு மணி, பூச்சி எளிதில் அண்டாது, காற்றுப் புகாமல் மண்ணுக்கடியில் குழி வெட்டி மூடி வைத்தால் பல ஆண்டுகள் கெடாது. மெசொப்பொத்தேமியாவிலிருந்து சீனம் வரை அரசுகள் தானியத்தின் மேல்தான் எழுந்தன என்று அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட் வாதிட்டார். ஒரே நேரத்தில் முற்றி, கண்ணுக்குத் தெரிந்து, அளந்து எடுத்துச்செல்லத் தக்கதாக இருப்பதால் தானியம் வரிக்கு வசதியானது என்பது அவர் கருத்து. தருமபுரியின் மானாவாரி அந்த வசதியை எளிதில் தரவில்லை. ராகியோடு அவரை, துவரை, ஆமணக்கு எனக் கலந்து விதைத்தார்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு மாதத்தில் அறுவடைக்கு வரும். மிஞ்சியது நிலத்துக்குள் போய்விடும். இதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். குழி வைத்திருந்தவர் நிலக்காரர். நிலமற்ற கூலிக் குடும்பங்கள், குறிப்பாகத் தலித் மக்கள், பஞ்ச காலத்தில் அந்தக் குழிக்காரரிடம் கையேந்தியே ஆகவேண்டும். அந்தக் கடன் அவர்களை அடிமைப்படுத்தியது. காவல் யாரிடமோ அதிகாரமும் அவரிடம் என்ற என் வாதத்துக்கு இதுவே வலுவான, வலிக்கிற சான்று.

1792-ல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான், தருமபுரியை உள்ளடக்கிய பாரமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் இங்கே வயல் வயலாக அளந்து, உழவரிடமே நேரடியாகத் தீர்வை வாங்கும் முறையை உருவாக்கினார்கள். பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியை ஆண்ட ரயத்துவாரி முறை இந்தப் புன்செய்க் காட்டில்தான் பிறந்தது. பணத்தீர்வை திப்பு காலத்திலும் இருந்ததே என்று கேட்கலாம், இருந்தது. கம்பெனி செய்தது, அதை ஒவ்வொரு வயலுக்கும் ஒவ்வொரு பெயருக்கும் நிலையான கணக்காக்கியது. இடையில் நிலங்களை மிட்டா என்னும் சிறு ஜமீன்களாக்கி விற்ற காலத்திலும் பணக்கெடு மாறவில்லை. நல்ல மழை பெய்த ஆண்டில் தானிய விலை சரியும். அதே தீர்வைக்குக் கூடுதல் மூட்டை விற்கவேண்டும். அப்படியாகக் குழிக்குப் போகவேண்டிய ராகி சந்தைக்குப் போனது. கடப்பை, பெல்லாரி பகுதிகளுக்குத் தீர்வையைக் கால்பங்கு குறைக்க 1807-ல் மன்றோவே பரிந்துரைத்தார் என்பதிலிருந்து அந்தச் சுமையை உணரலாம்.

விளைவு 1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பஞ்சத்தில் வெளிப்பட்டது. தருமபுரியை உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871-ல் 19,66,995, 1881-ல் 15,99,595. பத்தாண்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. தொடர்ந்து மழை பொய்த்தால் எந்தக் குழியும் காலியாகும், கம்பெனிக்கு முன்பும் பஞ்சங்கள் வந்தனவே என்பார்கள். உண்மைதான், வானம் செய்ததை யாரும் மறுக்கவில்லை. ஆனால் சென்னையிலிருந்து சேலத்துக்கு அப்போதே ரயில் ஓடியது; தானியம் கொண்டுவர வழி இருந்தது. வாங்கப் பணம்தான் இல்லை. நிவாரண வேலைக்கு வந்தவருக்கு 1877-ல் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த கூலி, நாளுக்கு ஒரு ராத்தல், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியமும் கொஞ்சம் காசும். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிர்காக்கப் போதாது என்று கடுமையாக எதிர்த்தார். சேமிப்பு ஊரைவிட்டுச் சந்தைக்கும், சந்தையிலிருந்து அரசின் தயவுக்கும் கைமாறியிருந்தது. புதிய காவலர் கதவைத் திறக்கத் தயங்கினார், மக்கள் மடிந்தார்கள்.

அரசு பாடம் கற்காமல் இல்லை. பஞ்ச விதித்தொகுப்பு வந்தது. பஞ்சக் காப்புக்கென்றே 1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய ரயில்பாதை போட்டு, 1913-ல் ஓசூர் வரை நீட்டினார்கள். இரண்டாம் உலகப்போர் காலத்தில் அது மூடப்பட்டது. விடுதலைக்குப் பின் நியாயவிலைக் கடை அந்தக் காவலை ஏற்றது. நிலம் இல்லாதவருக்கும் அட்டையில் பங்கு உண்டு. நிலக்காரரின் குழி ஒருபோதும் செய்யாத நீதி அது. அதைக் குறைகூறுவோர் தாது வருடத்தை மறந்தவர்கள். ஆயினும் கடை தந்தது அரிசி. உள்ளூர் ராகிக்கு உறுதியான கொள்முதலும் இல்லாததால், களி கிண்டிய வீடுகள் சோற்றுக்கு மாறின. 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாக ராகி தரும் திட்டம் தொடங்கியது. உள்ளூர் உழவரிடம் நேரடிக் கொள்முதலும் நடக்கிறது. 2023-24 பருவத்துக்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 3,846 ரூபாய்.

வெறும் 2 கிலோதானே என்று ஒதுக்கக் கூடாது. பொதுக் களஞ்சியத்தின் நீதியும் ராகிக் குழியின் தாங்குதிறனும் முதன்முறையாக ஒரே இடத்தில் சந்திக்கின்றன. இந்தக் கொள்முதல் ஆண்டு தவறாமல் நடக்கவேண்டும். ஊருக்கு அருகிலேயே ஓராண்டு ராகியேனும் இருப்பு இருக்கவேண்டும். அதன் கணக்கைக் கிராமசபை கேட்கும் உரிமையும் வேண்டும். மழை இனியும் பொய்க்கும். அன்று களஞ்சியத்தின் சாவி மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் கையில் இருக்கவேண்டும் என்பதே ஈராயிரம் ஆண்டுத் தகடூர் வரலாறு நமக்கு விட்டுச்சென்ற கோரிக்கை.