முசிறி

சேரரின் துறைமுகப் பட்டினம். பெரியாற்றுக் கழிமுகத்தில், இன்றைய கொடுங்கல்லூரை ஒட்டி இருந்தது. பொன்னோடு வந்த யவனர் கலங்கள் மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. வியன்னாவிலுள்ள முசிறி வணிகம் பற்றிய கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஆவணம் ‘ஹெர்மபோலன்’ என்ற கப்பலின் சரக்குக்கு விலை மதிப்பிடுகிறது. யானைத் தந்தமும் அதில் உண்டு. 2007 முதல் பட்டணம் என்ற ஊரில் நடந்த அகழாய்வில் ஆம்போரா ஜாடித் துண்டுகளும் ஒரு மரத்தோணியும் கிடைத்தன. பட்டணம்தான் முசிறியா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை.

மலையாளக் கரையோடு முசிறியின் கதையை முடித்துவிடுவது வழக்கம். கொங்கு நாட்டை விட்டால் அது பாதிக் கதைதான். படியூர், கொடுமணல் பகுதியின் மணிக்கற்கள் மேலைக் கடலுக்குப் போகப் பாலக்காட்டுக் கணவாயே இயல்பான வழி. மதுக்கரை அதன் கிழக்கு வாயிலில் இருக்கிறது. அருகிலுள்ள வெள்ளலூரில் 1842இல் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து ரோமானிய வெள்ளிக்காசுகள் புதையலாக வெளிப்பட்டன.