அம்மம்மாவின் வலிக்கு எத்தனை புள்ளி?

எனக்கு 14 வயது. வைத்தியசாலையில் அம்மம்மாவுக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். உங்களில் பலரும் போயிருப்பீர்கள். "0 முதல் 10 வரை, வலி எவ்வளவு?" என்று தாதி கேட்டார். "தாங்கலாம் எண்டு சொல்லு பிள்ளை" என்றார் அம்மம்மா. நான் "3" என்றேன். அது நான் போட்ட எண்.

ஜேம்ஸ் எஸ்டெயில் பற்றி வாசித்தபோது அந்த 3 ஞாபகம் வந்தது.

அவர் ஸ்கொட்லாந்துக்காரர். கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக வங்காளத்தில் ஹூக்ளியில் இருந்தார். அப்போது சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து இல்லை. நோயாளியை அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் வெட்டுவார்கள். 1845 ஏப்ரலில், வலியால் துடித்த ஒரு கைதியிடம் எஸ்டெயில் மெஸ்மரிசத்தை முயன்று பார்த்தார். அதுவரை அதைப் பற்றி வாசித்திருந்தாரே தவிர, செய்ததில்லை. கைதி உணர்விழந்தார்.

பிறகு அதுவே வழக்கமானது. இருட்டறையில் நோயாளி படுத்திருப்பார். உதவியாளர் ஒருவர் தலைமாட்டிலிருந்து குனிந்து, முகத்துக்கு மேலே கைகளை மெல்ல அசைப்பார், மூச்சை ஊதுவார். இது மணிக்கணக்கில், சிலவேளை நாட்கணக்கில் நடக்கும். களைப்பான அந்த வேலையைச் செய்தவர்கள் உள்ளூர் இளைஞர்கள். பெரிய கட்டிகளை அகற்றிய பிறகும், வெட்டியதே தெரியாது என்று சில நோயாளிகள் சொன்னார்கள். 1846 இல் அரசு ஒரு குழுவை அமைத்துப் பார்த்தது. அதன்பின் கல்கத்தாவில் பரீட்சார்த்தமாக ஒரு வைத்தியசாலையும் கிடைத்தது.

ஆனாலும் விமர்சகர்கள், "நோயாளிகள் நடிக்கிறார்கள்" என்றார்கள். 1842 இல் இங்கிலாந்தில் மெஸ்மரிசத்தின் கீழ் கால் அகற்றப்பட்ட ஒரு கூலித் தொழிலாளியையும் அப்படித்தான் சொன்னார்கள். ஏழை கத்தினால் கோழை, கத்தாவிட்டால் பொய்யன்.

1846 ஒக்டோபரில் பொஸ்டனில் ஈதர் வந்தது, அடுத்த வருடம் குளோரோஃபோம். நிமிடங்களில் மயக்கம். மெஸ்மரிசம் ஒதுங்கிப் போனது.

தன் உடலிலிருந்து ஒரு சக்தி பாய்கிறது என்று எஸ்டெயில் நம்பினார். அது தவறு. பெஞ்சமின் பிராங்கிளின் இருந்த பாரிஸ் குழு 1784 லேயே, அப்படி ஒரு சக்தி இல்லை, வேலை செய்வது கற்பனைதான் என்று முடிவுசெய்திருந்தது. ஆனால் கற்பனை என்றால் பொய் என்று அர்த்தமில்லை. 1997 இல் வெளியான மொன்றியல் ஆய்வு ஒன்றில், ஹிப்னாடிசத்தில் இருந்தவர்கள் சுடுநீரில் கை வைத்தார்கள். வேதனை குறையும் என்று சொன்னபோது, மூளையில் வேதனையோடு தொடர்புள்ள ஒரு பகுதியின் இயக்கம் மாறியது. தொடுகையைப் பதியும் பகுதி அவ்வளவாக மாறவில்லை. வலியை உணர்வது ஒன்று, வலியால் வருந்துவது இன்னொன்று.

ஹூக்ளிக் கைதிகள் என்ன உணர்ந்தார்கள்? எஸ்டெயில் எழுதியதன் வழியாகத்தான் பெரும்பாலும் எங்களுக்குத் தெரியும். அவர்களுக்கும் வேறொருவர்தான் எண் போட்டார்.

இப்போது யாருக்காவது மொழிபெயர்க்கப் போனால் நான் எண் சொல்வதில்லை. "தாங்கலாம் என்கிறார். எதைத் தாங்குகிறார் என்று கேளுங்கள்" என்கிறேன்.