துண்டும் குறிப்பேடும்

தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட செய்தி யாவரும் அறிந்ததே. ஆயின் அம்மலைகளிற் பாடுபட்டோரின் கணக்கை எழுதியோர் யாவர் என்னும் வினா அருகியே எழுப்பப்படுகின்றது. கணித வகுப்பிற் குறிப்பெடுக்கும் பழக்கத்தை மாணவரிடையே வளர்க்க விழைவோர் இவ்வினாவிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும்.

அக்காலத்தில் தொழிலாளர் ஒரு தோட்டத்தை விட்டு வேறொன்றிற்குச் செல்வதாயின், அவர்தம் கடனைச் செலுத்தினால் விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு வேண்டியிருந்தது. 'துண்டு' எனப்பட்ட அச்சீட்டில் கடன்தொகை இருந்தது. அத்தொகை திரண்ட வகை இல்லை. வழிச்செலவும் முற்பணமும் பிறருடைய ஏடுகளிலேயே பதிவாயின. தன் கையில் ஒரு வரியேனும் குறித்துவைக்காதவன் "இஃது எவ்வாறு வந்தது?" என்று எதனைக் காட்டிக் கேட்பான்? 1921இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் மாணவர் மணலில் எழுதிப் பழகி, வாய்விட்டு ஒப்புவித்து, ஈற்றில் தமக்கென எண்சுவடியை ஏட்டில் எழுதிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. எனினும் தோட்டங்களுக்குப் பெயர்ந்தோருட் பலருக்குச் சாதியின் காரணமாக அத்திண்ணைகள் திறந்திருக்கவில்லை. 1907ஆம் ஆண்டுக் கிராமப் பாடசாலைகள் சட்டம் தோட்டச் சிறுவர்க்குத் தாய்மொழிக் கல்வியளிக்கும் பொறுப்பை நிருவாகத்தின்மேற் சுமத்திய பின்னரும், அங்குக் கிட்டியது பெரும்பாலும் தொடக்க நிலை எழுத்தும் எண்ணுமே.

வழியை எழுதாமையால் நேரும் இடர்ப்பாட்டிற்குக் கணித வரலாற்றிலும் சான்றுண்டு. தாள் வாங்க வசதியற்ற இராமானுசன் கற்பலகையிற் செய்து அழித்துவிட்டு, முடிபுகளையே குறிப்பேடுகளில் எழுதினார். அவற்றிற்கான நிறுவல்களைத் தொகுத்துத் தந்த புறூசு பேண்டின் ஐந்து தொகுதிகள் 1985 முதல் 1998 வரை வெளிவந்தன. மேதையின் குறிப்பிற்கே இத்துணை உழைப்பு வேண்டப்பட்டதெனின், நம் மாணவர் விடையை மட்டும் எழுதிவைத்துப் பரீட்சைக்கு முதல்நாள் எதனை மீட்டறிவர்?

எனவே கரும்பலகையைப் பார்த்தெழுதுவதைக் குறிப்பெடுத்தலெனக் கொள்ளலாகாது. வினாவை மாணவர் தம் சொற்களில் எழுதுக; ஒவ்வொரு படிக்கும் அருகே காரணத்தைக் குறிக்குக; பிழையை அழியாது ஒரு கோட்டால் வெட்டி, பிழைத்த இடத்தைச் சுட்டுக. பாட முடிவிற் கரும்பலகையைத் துடைத்து, அதே கணக்கை மீளச் செய்ய ஆசிரியர் சில நிமிடங்கள் ஒதுக்குவாராக. குறிப்பேட்டைத் திருத்துகையில் கையெழுத்தின் அழகினும் செய்வழியையே நோக்குவாராக.

ஒரு தொகையைக் கண்டவுடன் அது வந்த வழியைக் கேட்கும் பழக்கம் இவ்வாறே வேரூன்றும். துண்டிற் கண்ட தொகையை வாய்திறவாது ஏற்க நேர்ந்தோரின் வழித்தோன்றல்களுக்கு அப்பழக்கம் பரீட்சைப் புள்ளிகளினும் பெரிதன்றோ?