தோற்றவர் தந்த தொடக்கம்

ஐரோப்பியச் சதுரங்க நூல்களைப் புரட்டினால், ‘இந்தியத் தற்காப்பு’ என்னும் பெயரை அடிக்கடி காண்கிறோம். அப்பெயருக்குப் பின்னால் கல்கத்தா நகரமும், அங்கே ஆடித் தோற்ற ஒரு வங்காளியும் இருப்பதை நம்மில் பலர் அறியோம்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வழக்கறிஞர் ஜான் காக்ரேன் கல்கத்தாவில் பல்லாண்டுகள் வாழ்ந்தவர். அந்நகரச் சதுரங்கக் கழகத்தின் முதல்தர ஆட்டக்காரர். 1848ஆம் ஆண்டளவில், நாட்டுமுறை ஆட்டத்தில் வல்லவரான மகேசசந்திர பானர்ஜியைக் கழகத்தார் சிற்றூர் ஒன்றிலிருந்து அழைத்து வந்தனர். அதன்பின் இருவரும் ஆடிய ஆட்டங்கள் பல. அவற்றைக் காக்ரேன் குறித்து வைத்ததனாலேயே இன்று அவை நமக்குக் கிடைக்கின்றன.

1855ஆம் ஆண்டு மே மாதத்து ஆட்டம் ஒன்றைக் காண்போம். காக்ரேன் வெள்ளைக் காய்களால் நடுக்களத்தைப் பற்றினார். பானர்ஜியோ முதலில் குதிரையை வெளிக்கொணர்ந்தார். பிறகு அரசன் பக்கத்துச் சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தி, அங்கே மந்திரிக்கு இடம் செய்தார். மூன்றாம் நகர்வில் அரசியின் சிப்பாயை இரு கட்டம் செலுத்தி எதிரியின் நடுக்களத்தைத் தாக்கினார். நடுக்களத்தைத் தாம் நிரப்பாமல், பகைவனை நிரப்ப விட்டுத் தொலைவிலிருந்து தகர்ப்பதே இதன் தத்துவம். நாட்டுமுறையில் சிப்பாய் தொடக்கத்திலும் ஒரே கட்டம்தான் நகரும். அப்பழக்கமே இவ்வழியைக் காட்டியிருக்கலாம்.

ஆயினும் வெற்றி காக்ரேனுக்கே. 18ஆம் நகர்வில் அவருடைய குதிரை கருமன்னனின் அருகிலிருந்த சிப்பாயை வெட்டியது. பானர்ஜி எதிரியின் அரசியைத் தாக்கினார். உடனே குதிரை நகர்ந்து இரட்டை முற்றுகை தொடுக்க, மன்னன் மூலையில் ஒதுங்கினான். காக்ரேன் தம் அரசியையே பலி கொடுத்தார். அதை வெட்டிய யானையே மன்னனின் வழியை அடைத்துவிட, 21ஆம் நகர்வில் குதிரை ஆட்டத்தை முடித்தது.

1922ஆம் ஆண்டில் ஆஸ்திரிய வீரர் எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் இதே தொடக்கத்தைக் கையாண்டு, வியன்னாவில் அலெகைனை வென்றார். தொடக்கம் குருன்ஃபெல்டின் பெயரைப் பெற்றது. அவர் ஆராய்ந்து நிலைநாட்டியதற்கு அது தகும். ஆயினும் அறுபத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே அவ்வழியில் நடந்தவரின் பெயர் அதில் இல்லை. ‘இந்திய’ என்னும் பொதுச்சொல்லில் அது அடங்கிவிட்டது.

ஓர் ஆட்டத்தின் முடிவைக் கொண்டு மட்டும் ஆடியவரை அளவிடலாகாது. கல்கத்தாவில் வாழும் நம் தமிழன்பர்கள் பலகையை விரிக்கும்போது, அந்நகரத்து மகேசசந்திரரையும் ஒருகணம் நினைப்பார்களாக.